இருப்புச் சரி

மண்ணெண்ணெய் இறக்கியிருக்கிறார்களென்று இரவே தகவல்.
வெறும் பீப்பாவைக் கரியரில் கட்டிக்கொண்டு
விடிய நாலரைக்கு வெளிக்கிட்டேன்.
சங்கக்கடைக் களஞ்சியத்தைப் பூட்டி
இழுத்துப் பார்த்து
படலை வரை போய்த் திரும்பி வந்து
மறுபடியும் இழுத்துப் பார்த்து,
திறப்பை அரைநாணில் கொழுவினேன்.

போன மாதக் கணக்கில் மூன்று கிலோ மா குறைவு.
மேற்பார்வையாளர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.
அதுக்குத்தான் அந்தப் பூட்டு.
என் காசில் வாங்கினது.

எருக்கலம்புலத்தில் பிளாட் அடித்த கட்டடம் அது ஒன்றுதான்.
சுவர் ஒன்றரை அடிக் கல்.
உள்ளே நெஞ்சுயரத்துக்கு மா மூட்டை.
"செல் விழுந்தால் இஞ்சை ஓடி வாங்கோ"
மாசிக் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னவன்
நான்தான்.

ஓடி வந்திருக்கிறார்கள்.

கொடிகாமத்தில் பீப்பாக்களின் வரிசையில் நின்றபடி
வடக்கே புகை எழும்பக் கண்டேன்.
எங்கள் பக்கமில்லை என்றார் ஒருவர்.
எங்கள் பக்கம்தான் என்றார் இன்னொருவர்.
எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது பீப்பா.
நின்றேன்.
அதையும் எழுதத்தான் வேண்டும்:
நின்றேன்.

வயல் கரையால் வந்தார்களாம், பனைகளுக்குள்ளால்.
எட்டு மணிக்கு ஊர் அவர்கள் கையில்.
விறாந்தையில் நின்றவர்களிடம் துவக்கில்லை.
கூப்பன் அட்டைகள் இருந்தன.
வீட்டை விட்டு ஓடும்போது
அடையாள அட்டையோடு அதையும் மடியில் செருகுவது
அந்தக் காலத்துப் பழக்கம்.

வெற்றுச் சாக்குகளின் கீழ்க் கிடந்து தப்பியவன்
ரூபராசன். பதினொரு வயது.
என்ன நடந்ததென்று அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.
ஒரு வசனம் மட்டும் சொன்னான்,
அதுவும் என்னிடமில்லை, என் மனிசியிடம்:
"மனேச்சர் இப்ப வந்திடுவார், மனேச்சர் இப்ப வந்திடுவார் எண்டு
கதிரித்தம்பி மாமா சொல்லிக்கொண்டு நிண்டவர்."

இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு போக விட்டார்கள்.
கதவில் ஏழு ஓட்டை.
பூட்டு அப்படியே.
ஒரு மூட்டை துளைபட்டு நிலத்தில் மா ஒழுகிக் கிடந்தது,
எறும்பு கூட மொய்க்கவில்லை.
விறாந்தையை யாரோ கழுவியிருந்தார்கள்.
சீமெந்து வெடிப்புகளைக் கழுவ முடியவில்லை.

மாவைக் கூட்டி அள்ளி நிறுத்தேன்.
ஏன் நிறுத்தேன் என்று கேட்காதீர்கள்.
கைக்கு வேறொன்றும் தெரியவில்லை.

செத்தவர்களுக்குப் பட்டியல் கிடையாது.
ஊர்ப் பெயர்கள் முழுவதும் இருந்த ஒரே கொப்பி
என் கூப்பன் பதிவேடு.
விதானையார் அதை இரவல் கேட்டார்.
இருவருமாக உட்கார்ந்து படித்தோம்.
அட்டை பதினெட்டு, செல்லக்கண்டு, ஒராள்.
அட்டை முப்பத்திரண்டு, அருமைத்துரை, மனைவி இராசமலர், கைக்குழந்தை.
குழந்தைக்கு இன்னும் பெயர் பதியவில்லை,
பால்மாவுக்கு மட்டும் பதிந்திருந்தது.
அட்டை நாற்பத்தொன்று, கதிரித்தம்பி.
மொத்தம் பதினேழு.
காரணம் என்ற கட்டத்தில்
"மோதலில் அகப்பட்டு" என்று எழுதச் சொல்லி மேலிடத்துக் கடிதம்.
மோதுவதற்கு இரண்டு பக்கம் வேண்டுமே ஐயா என்றேன்.
விதானையார் பேனையை மூடினார்.
பிறகு திறந்து எழுதினார்.
அவருக்கும் நாலு பிள்ளைகள்.

ஆடி மாதம் நிவாரணம் திரும்பத் தொடங்கியது.
ரூபராசன் உரப்பையோடு வந்தான்.
அட்டை ஐம்பத்தாறு: ஐந்து பேர்.
பதிவேட்டில் நான் ஒருவரையும் வெட்டவில்லை.
ஐந்து பேரின் மாவையும் நிறுத்து வைத்தேன்.
தராசு முள்ளைப் பார்த்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
அரையில் தொங்கிய திறப்பைப் பார்த்தான்.

"ஒராளின்ரை காணும்" என்றான்.

மிச்சத்தைச் சாக்கில் திருப்பிக் கொட்டினேன்.
அந்த மாதமும்
இருப்புச் சரி.